74 குழாய்கள், ஒரு குட்டி ஆர்.என்.ஏ.

உயிரின் தோற்றம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் 'ஸ்பீகல்மேன் பூதம்' வந்து சேர்ந்துவிடும். கதை வழக்கமாக இப்படிப் போகும்: ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் போட்டார்கள், 74 தலைமுறையில் அது 218 எழுத்தாகச் சுருங்கியது, அந்தக் குட்டி இழைதான் பூதம், ஆகவே பரிணாமம் குழாயிலும் நடக்கும். முடிவு சரிதான். ஆனால் 74 என்பது தலைமுறைக் கணக்கு இல்லை. 218 என்பது வேறொரு மூலக்கூறின் நீளம். இந்த இரண்டு எண்களையும் ஒட்டவைத்துச் சொல்லும்போது சோதனையில் உண்மையிலேயே சுவாரசியமான பகுதி நழுவிப்போகிறது. அதனால் குழாயில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, எதை எப்போது மாற்றினார்கள் என்று முதலிலிருந்து பார்க்கலாம்.

க்யூ-பீட்டா என்பது ஈ. கோலை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதன் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; நீளம் 4,217 எழுத்துகள். எழுத்து என்று இங்கே சொல்வது நியூக்ளியோடைடை. இந்த நீளத்துக்குள் நான்கு புரதங்களுக்கான செய்தி அடங்கியிருக்கிறது: வைரஸின் மேலுறை, அந்த மேலுறைப் புரதத்தின் நீண்ட வடிவம், பாக்டீரியாவில் ஒட்டுவதற்கும் பிறகு அதை உடைத்து வெளியேறுவதற்கும் பயன்படும் புரதம், ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியின் ஒரு பகுதி. ஆம், ஒரு பகுதி மட்டும்தான். படியெடுக்கும் நொதி நான்கு துண்டுகள் சேர்ந்தது. வைரஸ் தருவது ஒன்று. மீதி மூன்றும் பாக்டீரியா தன் புரத உற்பத்திக்கு வைத்திருப்பவை: ரைபோசோமின் எஸ்-1 புரதம், இ.எஃப்-டி.யு., இ.எஃப்-டி.எஸ். அரிசியை மட்டும் கையில் கொண்டுவந்து, அடுப்பு பாத்திரம் எல்லாம் வீட்டுக்காரருடையதை எடுத்துக்கொள்ளும் விருந்தாளி.

1965-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா நகரில், சால் ஸ்பீகல்மேனும் இச்சிரோ ஹருனாவும் இந்த நொதியைச் சுத்தப்படுத்தி, குழாயில் உருவான ஆர்.என்.ஏ. மறுபடியும் பாக்டீரியாவைத் தொற்றும் என்று காட்டினார்கள். இந்த நொதிக்கு மூன்று வசதிகள். முதலாவது, தொடங்கிவைக்க ஒரு சிறு துணுக்கு இழை தேவையில்லை. வார்ப்பு இழையின், அதாவது படியெடுக்கப்படும் இழையின், 3' முனையில் உள்ள சி.சி.சி. என்ற எழுத்துகளுக்கு எதிரே ஜி எழுத்தைத் தரும் ஜி.டி.பி.யை வைத்து நேராகத் தொடங்கிவிடும். இரண்டாவது, கண்ட ஆர்.என்.ஏ.வையும் படியெடுக்காது, பாக்டீரியாவின் சொந்த ஆர்.என்.ஏ. பக்கத்தில் கிடந்தாலும் தொடாது. மூன்றாவது, படியெடுக்கும்போதே பழைய இழையும் புதிய இழையும் பெரும்பாலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பி.சி.ஆர். போல ஒவ்வொரு சுற்றுக்கும் சூடாக்கிப் பிரிக்க வேண்டியதில்லை. 35 டிகிரியில் குழாயை நிறுத்திவைத்தால் போதும், படியின் படி, அதன் படி என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

1967-இல் டொனால்ட் மில்ஸ், பீட்டர்சன், ஸ்பீகல்மேன் மூவரும் செய்தது இதுதான். ஒவ்வொரு குழாயிலும் 0.25 மில்லிலிட்டர் கலவை: பி.எச். 7.4-இல் டிரிஸ் தாங்கல் கரைசல், சுமார் 13 மில்லிமோலார் மக்னீசியம், நான்கு வகை எழுத்துகளும் தலா 0.8 மில்லிமோலார் அளவில், 40 மைக்ரோகிராம் நொதி. யு எழுத்தைத் தரும் யு.டி.பி.யில் மட்டும் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்க அடையாளம். முதல் குழாயில் மட்டும் 0.2 மைக்ரோகிராம் வைரஸ் ஆர்.என்.ஏ. 20 நிமிடம் கழிந்ததும் 0.02 மில்லிலிட்டர் எடுத்து எண்ணுவதற்கு வைத்தார்கள், இன்னொரு 0.02 மில்லிலிட்டரை அடுத்த குழாயில் விட்டார்கள். இப்படிக் குழாய்விட்டுக் குழாய் மாற்றுவதைத்தான் இனி 'மாற்றம்' என்கிறேன்; 74 என்பது இந்த மாற்றங்களின் எண்ணிக்கை. அந்தக் குழாயில் ஆர்.என்.ஏ. தவிர மற்ற எல்லாமே புதிதாக இருக்கும். எண்ணும் முறை எளிது: குளிர்ந்த ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தால் நீண்ட ஆர்.என்.ஏ. படிந்துவிடும், தனி எழுத்துகள் கரைசலிலேயே நிற்கும். வடிகட்டித் தாளில் தங்கிய கதிரியக்கத்தை அளந்தால் எவ்வளவு எழுத்து இழையில் சேர்ந்தது என்று தெரியும்.

இங்கேதான் தலைமுறைக் கணக்கு வருகிறது. 0.02-ஐ 0.25-இல் விடுவது 12.5 மடங்கு நீர்ப்பு. அதை ஈடுகட்ட ஆர்.என்.ஏ. ஒவ்வொரு குழாயிலும் குறைந்தது 3.6 முறை இரட்டிக்க வேண்டும். 74 மாற்றங்களுக்கு அது சுமார் 270 இரட்டிப்பு. தொடக்கத்தில் போட்ட 0.2 மைக்ரோகிராம் என்பது கிட்டத்தட்ட 8,600 கோடி மூலக்கூறுகள். 10-ஆவது மாற்றத்திலேயே அவற்றில் ஒன்று மிஞ்சினால் அதிகம். 74-ஆவதில் மொத்த நீர்ப்பு 1-க்குப் பின்னால் 81 சைபர். கடைசிக் குழாயில் இருந்ததெல்லாம் அங்கேயே செய்யப்பட்டது, பழைய சரக்கு ஒரு துளியும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

இனி நேரம். 13-ஆவது மாற்றம் வரை 20 நிமிடம். 14 முதல் 29 வரை 15 நிமிடம், 30 முதல் 38 வரை 10, 39 முதல் 52 வரை 7, அதற்குப் பிறகு 74 வரை 5 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினால் 14 மணி நேரம்கூட ஆகாது. நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனது அவசரத்துக்காக இல்லை. சோதனையின் கத்தியே அதுதான். 5 நிமிடத்துக்குள் 12.5 மடங்கு பெருகாத இழை அடுத்தடுத்த குழாய்களில் கரைந்து காணாமல் போகும். 4,217 எழுத்தைப் படிக்கும் நேரத்தில் பாதி நீளமுள்ளது இரண்டு முறை படியாகிவிடும்.

நான்காவது மாற்றத்துக்குப் பிறகு தொற்றும் திறனுள்ள ஆர்.என்.ஏ. தென்படவே இல்லை. இதைப் படிக்கும்போது பலர் நினைப்பது, வைரஸ் மெதுவாகத் தேய்ந்து தேய்ந்து கடைசியில் தொற்றும் திறனை இழந்தது என்று. நடந்தது தலைகீழ்: தொற்றும் திறன்தான் முதலில் போனது, சுருக்கம் பிறகும் நெடுநேரம் தொடர்ந்தது. காரணம் விளங்கக்கூடியது. மேலுறை, ஒட்டும் புரதம், நொதியின் துண்டு ஆகியவற்றுக்கான எழுத்துகளில் பிழை விழுந்தாலும் குழாயில் யாரும் கேட்கப்போவதில்லை. நொதியைத்தான் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஊற்றுகிறார்களே. பெரிய இழப்புகள் எழுத்து எழுத்தாக வருவதில்லை. நொதி வார்ப்பின் ஓர் இடத்திலிருந்து வழுக்கி இன்னோர் இடத்தைப் பிடித்துத் தொடர்ந்தால் நடுவிலிருந்த நூற்றுக்கணக்கான எழுத்துகள் ஒரே தாவலில் போய்விடும். தங்கவேண்டியவை இரண்டு முனைகளும், நொதி பிடித்துக்கொள்ளும் இடங்களும், இழை தன்மேல் தானே மடிந்துகொள்ள உதவும் பகுதிகளும் மட்டுமே.

74-ஆவது மாற்றத்தில் ஜீனோமில், அதாவது வைரஸின் முழு மரபுப்பொருளில், 83 சதவீதம் போயிருந்தது. மீதியை 550 எழுத்து என்று எழுதுவது வழக்கம். 4,217-இல் 17 சதவீதம் 717 ஆயிற்றே என்று கணக்குப் போடுபவர்களுக்கு: அன்று வைரஸின் முழு வரிசை தெரியாது, சுக்ரோஸ் கரைசலில் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதை வைத்துத்தான் நீளத்தை மதிப்பிட்டார்கள், அந்த மதிப்பீடு குறைவாக இருந்தது. புதிய மூலக்கூறு பழையதைவிட 15 மடங்கு வேகமாகப் படியானது. அதில் ஆறு மடங்கு நீளம் குறைந்ததால் கிடைத்தது. மீதி, எழுத்துகள் சேரும் வேகமே கூடியதால். அதாவது சுருங்கியது மட்டும் கதை இல்லை, மிச்சமிருந்த எழுத்துகளும் மாறியிருக்கின்றன. இதை மேற்கோள் காட்டுபவர்கள் அநேகமாக விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் 218? அது எம்.டி.வி-1 என்ற வேறொரு சிறு ஆர்.என்.ஏ. மில்ஸ், கிரேமர், ஸ்பீகல்மேன் மூவரும் 1973-இல் அதன் முழு வரிசையை வெளியிட்டார்கள். பின்னாளில் நீளம் 221 என்று திருத்தப்பட்டது. சிறியது, வரிசை தெரிந்தது என்பதால் எந்த எழுத்து மாறினால் என்ன நடக்கிறது என்று பார்க்க வசதி. எத்திடியம் புரோமைடு கலந்த குழாய்களில் அதை மாற்றி மாற்றி வளர்த்தபோது, 1974-இல், அந்த நஞ்சைத் தாங்கும் வகை ஒன்று கிடைத்தது. வேறுபாடு மூன்றே எழுத்துகள். தகவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடச் சிக்கனமான உதாரணம் கிடைப்பது கடினம்.

இந்த வகைச் சோதனை எங்கெங்கே சறுக்கும் என்று பார்த்தால்தான் இது எவ்வளவு நுட்பமானது என்று புரியும்.

முதல் சறுக்கல், நேரத்தை அதிகம் விடுவது. தொடக்கத்தில் நொதி அதிகம், இழை குறைவு. ஒவ்வொரு புதிய இழைக்கும் ஒரு நொதி காத்திருக்கும், எண்ணிக்கை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இழைகளின் எண்ணிக்கை நொதியின் எண்ணிக்கையைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. இரட்டிப்பு நின்று, நேர்கோட்டில் மெல்ல ஏறும். இப்போது வெல்வது வேகமாகப் படியாகும் இழை இல்லை, நொதியை முந்திப் பிடிக்கும் இழை. ஒரே கலவை, ஒரே வெப்பம்; கால் மணி நேரம் கூடுதலாக விட்டதால் தேர்வின் அளவுகோலே மாறிவிடுகிறது. இரண்டு ஆய்வகங்கள் ஒரே சோதனையைச் செய்து இரண்டு வகை மூலக்கூறுகளைப் பெற இதுவே போதும்.

இரண்டாவது, இரட்டை இழை. நேர் இழையும் அதன் படியான எதிர் இழையும் குழாயில் அதிகம் சேர்ந்ததும் ஒன்றையொன்று கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை நொதி படியெடுக்காது; கணக்கில் இருக்கும், காரியத்துக்கு ஆகாது. கொண்டை ஊசி போலத் தன்மேல் தானே இறுக்கமாக மடியும் இழைகள் இந்த விபத்திலிருந்து தப்பும். இந்த நொதியில் வளர்ந்து வென்ற சிறு ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் வளைந்து நெளிந்து மடிந்திருப்பதற்குக் காரணம் இது.

மூன்றாவது எண்ணிக்கைப் பிழை. வடிகட்டித் தாள் சொல்வது இழையில் சேர்ந்த மொத்த எழுத்துகளை, மூலக்கூறுகளின் எண்ணிக்கையை இல்லை. இரண்டு குழாய்களில் ஒரே கதிரியக்கம் வந்தாலும், நீளம் ஆறில் ஒன்றாகிவிட்ட குழாயில் மூலக்கூறுகள் ஆறு மடங்கு. நீளத்தை அவ்வப்போது சுக்ரோஸில் பார்க்காமல் கதிரியக்கத்தை மட்டும் நம்பினால் வளர்ச்சி வேகத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் தப்பாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் அசுத்தம். எம்.டி.வி-1 போன்ற சிறு இழை ஒரு நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். அப்படியானால் ஒரே ஒரு மூலக்கூறு அரை மணி நேரத்தில் 100 கோடி. பைப்பட் நுனியிலோ நொதிக் கரைசலிலோ ஒன்று இருந்தால் போதும். அதனால் ஆர்.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றைப் பக்கத்திலேயே வைப்பார்கள். தொல்லை என்னவென்றால், கொஞ்சம் நேரம் விட்டால் அந்த வெற்றுக் குழாயிலும் ஆர்.என்.ஏ. முளைத்தது.

1975-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மான்ஃப்ரெட் ஐகனின் குழுவைச் சேர்ந்த சும்பரும் லூசும் இதற்கு வேறு விளக்கம் தந்தார்கள்: நொதி வார்ப்பே இல்லாமல் எழுத்துகளைக் கோத்து ஆர்.என்.ஏ.வை உருவாக்குகிறது. உயிரின் தோற்றத்தைத் தேடுபவர்களுக்கு இது தேன் போல இனித்தது. 1983-இல் ஹில், புளூமெந்தால் இருவரும் நொதியை இன்னும் கடுமையாகச் சுத்தம் செய்தால் அப்படி எதுவும் முளைப்பதில்லை என்றார்கள். ஐகன் தரப்பு 1986-இல் பதில் எழுதியது. 1991-இல் ரஷ்யாவின் புஷ்சினோவிலிருந்து அலெக்சாண்டர் செத்வெரின் குழு ஒரு நல்ல தந்திரத்தைக் காட்டியது. கரைசலுக்குப் பதிலாக நொதியை மெல்லிய அகரோஸ் கூழில் கலந்தார்கள். கூழில் மூலக்கூறுகள் நகர முடியாது. ஒவ்வொரு தொடக்க மூலக்கூறும் தன் இடத்திலேயே ஒரு புள்ளியாகப் பெருகும், தட்டில் பாக்டீரியா கூட்டம் போல. கரைசலில் 'உண்டு, இல்லை' என்று மட்டும் தெரிந்தது, இப்போது எண்ணக்கூடியதாயிற்று. தட்டைத் திறந்து ஆய்வகக் காற்றில் வைத்தால் புள்ளிகள் கூடின. படியாகும் ஆர்.என்.ஏ. காற்றிலேயே மிதந்துகொண்டிருந்தது. இதே குழு 1988-இல் விவரித்த 120 எழுத்து நீளச் சிறு ஆர்.என்.ஏ. ஒன்று பாதி வைரஸிலிருந்தும் பாதி பாக்டீரியாவின் கடத்து ஆர்.என்.ஏ.விலிருந்தும் ஒட்டுப்போட்டது, தொற்றிய பாக்டீரியாவுக்குள்ளேயே உருவானது. வெற்றுக் குழாயில் முளைத்தவற்றில் பெரும்பகுதி இப்படி வந்தவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வார்ப்பே இல்லாமல் எதுவும் உருவாகாது என்று இதிலிருந்து நிரூபணமாகவில்லை, சரி. ஆனால் அப்படி உருவாகிறது என்று சொல்பவர் முதலில் காற்றைக் கணக்கில் காட்ட வேண்டும்.

இப்போது உயிரின் தோற்றத்துக்கு இது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐகன் 1971-இல் ஒரு வரம்பைக் கணக்கிட்டார். ஒரு இழை தன் போட்டியாளர்களைவிட எத்தனை மடங்கு வேகமோ, அந்த எண்ணின் இயல் மடக்கையை ஓர் எழுத்துக்கான பிழை வாய்ப்பால் வகுத்தால், அதுதான் பிழைகளுக்கிடையே நிலைத்து நிற்கக்கூடிய அதிகபட்ச நீளம். பத்து மடங்கு வேகம், நூறு எழுத்துக்கு ஒரு பிழை என்றால் 2.3-ஐ 0.01-ஆல் வகுத்து 230 எழுத்து. அதற்கு மேல் நீண்டால் நல்ல இழை தன் பிழைப் படிகளுக்குள் தொலைந்துபோகும். நொதியில்லாத வேதிப் படியெடுப்பின் பிழை இந்த நூற்றுக்கு ஒன்று என்ற அளவைவிட மோசம். க்யூ-பீட்டா நொதியின் வைரஸ் துண்டுக்கான மரபணு மட்டும் 1,770 எழுத்துக்கு அருகில். துல்லியமாகப் படியெடுக்க நீண்ட மரபணு வேண்டும், நீண்ட மரபணுவைக் காக்கத் துல்லியமான படியெடுப்பு வேண்டும். முட்டையா கோழியா என்ற பழைய வழக்கு, இந்தமுறை எண்களோடு.

ஸ்பீகல்மேனின் குழாய் இதற்கு மேலும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. பிழை வரம்புக்குள்ளேயே இருந்தாலும், கலந்த கரைசலில் ஒரு இழை செய்த நொதி எல்லோருக்கும் பொதுச் சொத்து. நொதிக்கான செய்தியைச் சுமக்காத குட்டி இழை அதே நொதியால் இன்னும் வேகமாகப் படியாகும். ஒட்டுண்ணி பெருகும், உழைப்பவன் கரைந்துபோவான். 1997-இல் ஓலன்ஷ்லாகரும் ஐகனும் வேறு இரண்டு நொதிகளைக் கொண்டு, டி-7 வைரஸின் பாலிமரேஸும் எச்.ஐ.வி.யின் தலைகீழ் படியெடுப்பு நொதியும், இதே மாதிரிச் சோதனையைச் செய்தார்கள். 220 எழுத்தில் தொடங்கிய இழை 48, 54 எழுத்துகளில் போய் நின்றது. மிஞ்சியது நொதிகளின் வேலை தொடங்கத் தேவையான பகுதிகள் மட்டும்.

இதை உயிரினங்களின் ஜீனோம் சுருக்கத்தோடு அப்படியே ஒப்பிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. தொழுநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் வரிசை வெளியான அதன் வகைக்குப் பெயர் டி.என்.; தமிழ்நாட்டு நோயாளியிடமிருந்து வந்ததால் அந்தப் பெயர். ஜீனோம் நீளம் சுமார் 32.7 லட்சம் எழுத்துகள். காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம். தொழுநோய்க் கிருமியில் வேலை செய்யும் புரத மரபணுக்கள் சுமார் 1,600. செத்துப்போன மரபணுக்கள் 1,100-க்கும் மேல். மனித உடலுக்குள் பலவும் சும்மா கிடைப்பதால் மரபணுக்கள் பயனற்றுப் போயின என்பது வரை ஒப்புமை சரி. ஆனால் வேகம் தேர்வு செய்திருந்தால் அந்தச் சடலங்கள் எப்போதோ வெட்டி எறியப்பட்டிருக்கும். இந்தக் கிருமி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பிரிகிறது. அதற்கு அவசரமே இல்லை. சிறிய கூட்டங்களாக வாழ்வதால் இயற்கைத் தேர்வின் பிடி தளர்ந்து, பிழைகள் தற்செயலாக நிலைத்தன. குழாயில் நடந்தது ஓட்டப்பந்தயம், இங்கே நடந்தது கவனிப்பாரற்ற வீடு இடிந்துபோன கதை.

ஒட்டுண்ணிச் சிக்கலுக்கு விடை, கலவையைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் சுவர்தான் என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டது. ஜப்பானில் யோமோவும் இச்சிஹாஷியும் அதை 2013-இல் செய்து காட்டத் தொடங்கினார்கள். சுமார் 2,000 எழுத்து நீள ஆர்.என்.ஏ.; அதில் இருப்பது க்யூ-பீட்டா வைரஸின் நொதித் துண்டுக்கான மரபணு. அதனுடன் சுத்தப்படுத்திய பாகங்களால் ஆன புரத உற்பத்திக் கலவை. பாக்டீரியாவின் மற்ற நொதித் துண்டுகள் அதிலேயே இருக்கின்றன. இதை எண்ணெயில் சில மைக்ரோமீட்டர் அளவுத் துளிகளாக உடைத்து, 37 டிகிரியில் 5 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு ஆர்.என்.ஏ. இல்லாத புதிய துளிகளோடு ஐந்து மடங்கு நீர்த்து, பலமாகக் கலக்குகிறார்கள். துளிகள் சேர்ந்து பிரிந்து உள்ளடக்கம் மறுபடி பங்கிடப்படுகிறது.

இதன் கணிதம், தற்செயலாகச் சிதறுபவை எத்தனை எங்கே விழும் என்று சொல்லும் பாய்சான் பரவல். ஒரு துளிக்குச் சராசரி ஓர் ஒட்டுண்ணி என்றாலும் 37 சதவீதத் துளிகளில் ஒன்றுகூட இருக்காது. சராசரி 0.1 என்றால் 90 சதவீதம் சுத்தம். 3 என்றால் 5 சதவீதம். சுத்தமான துளியில் உழைக்கும் இழை நிம்மதியாகப் பெருகும். ஒட்டுண்ணி மட்டும் விழுந்த துளியில் நொதியே இருக்காது, அது அப்படியே கிடந்து அடுத்த நீர்ப்பில் ஐந்தில் ஒன்றாகும். ஆகவே ஒட்டுண்ணி ஏறும், உழைப்பவன் இறங்குவான், பிறகு ஒட்டுண்ணியே பட்டினியில் சரியும், மறுபடி ஏறும். 2016-இல் இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்தார்கள். 2022-இல் 240 சுற்றுகள் வரை ஓடிய சோதனையின் முடிவு வந்தது: ஒரே ஆர்.என்.ஏ.வில் தொடங்கிய இடத்தில் உழைக்கும் பரம்பரைகள் மூன்று, ஒட்டுண்ணிப் பரம்பரைகள் இரண்டு, எல்லாம் ஒன்றாக நிலைத்திருந்தன. அந்த மூன்றும் 240-ஆவது சுற்றிலும் ஏறத்தாழ 2,000 எழுத்து நீளத்திலேயே இருந்தன. இந்தத் துளிகளில் நொதியை யாரும் வெளியிலிருந்து ஊற்றவில்லை.